இயன்முறை மருத்துவம் சிற்றூருக்கு வந்த வரலாறு

‘சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. கல்வி கற்று முன்னேற விழையும் எவருக்கும் உடல் என்னும் சுவர் உறுதியாக நிற்றல் வேண்டும். உழைப்பையே உடைமையாகக் கொண்ட நம் மக்களுக்கோ உடல் வெறும் சுவர் மட்டுமன்று. அதுவே நிலம், அதுவே ஏர், அதுவே சேமிப்பு. கையோ காலோ முடங்கிப் போனால் அக்குடும்பத்தின் அடுப்பும் அன்றே அணைந்து விடுகின்றது.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பொறுப்பாளர்கள் பணித்தபோது, நம் மக்களின் கல்வி வரலாற்றையே எழுதலாம் என முதலில் எண்ணினேன். ஆயினும் வகுப்பறைக்கு வர இயலாமலே போன சில முகங்கள் என் நினைவில் எழுந்தன. அவர்களைத் தடுத்தது நோய் மட்டுமன்று, தூரமும்தான். ஆகவே, முடங்கிய கைகால்களை மீட்டெடுக்கும் இயன்முறை மருத்துவம் நகரத்தில் பிறந்து, சிற்றூரை நோக்கி எவ்வளவு மெதுவாக நடந்து வந்தது என்னும் வரலாற்றை இங்கு எழுத முற்படுகின்றேன்.

இயன்முறை மருத்துவம் என்பது யாது?

மக்கள் வழக்கில் ‘பிசியோதெரபி’ எனப்படுவதே இயன்முறை மருத்துவம் ஆகும். உடற்பயிற்சி, நீவுதல், வெப்பம், மின்னாற்றல் முதலியவற்றின் துணையால் தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் மீண்டும் இயக்கம் தருவது இதன் பணி. இளம்பிள்ளை வாதம், பக்கவாதம், எலும்பு முறிவு, தண்டுவடக் காயம், மூட்டுத் தேய்மானம், குழந்தைகளின் மூளை முடக்குவாதம் ஆகிய யாவற்றிலும் இதற்கு இடமுண்டு.

இம்மருத்துவத்தின் தனித்தன்மை ஒன்றை இளைஞர்கள் நன்கு உணர்தல் வேண்டும். மாத்திரையை ஒரு நாள் வாங்கி வந்து ஒரு மாதம் உண்ணலாம். அறுவைச் சிகிச்சையோ ஒரே நாளில் முடிந்துவிடும். இயன்முறைச் சிகிச்சை அவ்வாறன்று. வாய்பாட்டை நாள்தோறும் ஒப்பித்த பின்னரே மாணவன் மனத்தில் அது படிவது போல, ஒரே அசைவை நூறு முறை, ஆயிரம் முறை செய்த பின்னரே செயலிழந்த உறுப்பு அதனைக் கற்றுக்கொள்கின்றது. பக்கவாதத்தால் மூளையின் ஒரு பகுதி பழுதுபட்டால், திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியால் பிற பகுதிகள் அவ்வேலையை ஓரளவேனும் ஏற்கப் பழகுகின்றன. பயிற்சி இல்லையேல் தசை சுருங்கும், மூட்டு இறுகும், மடங்கிய முழங்கால் மடங்கியபடியே நின்றுவிடும்.

எனவே, இம்மருத்துவத்தில் தூரம் என்பது வெறும் வசதிக் குறைவு அன்று. ஒரு முறை செல்வதற்குரிய தொலைவைக் கடன் வாங்கியேனும் கடந்துவிடலாம். முப்பது முறை, நாற்பது முறை செல்வது எவ்வாறு? சிகிச்சை எட்டாத இடத்தில் இருப்பின், நோய் பாதி செய்த வேலையைத் தூரம் முழுமை செய்துவிடுகின்றது.

தோற்றமும் வளர்ச்சியும்

மேலைநாடுகளில் இக்கலைக்கு முறையான வடிவம் கிடைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆகும். சுவீடன் நாட்டின் பெர் என்றிக் லிங் என்பார் 1813ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக் கல்வி நிலையம் ஒன்றை நிறுவினார். 1894ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செவிலியர் நால்வர் கூடி இத்தொழிலுக்கெனச் சங்கம் அமைத்தனர். முதல் உலகப் போரில் உறுப்பிழந்து திரும்பிய வீரர்களின் தேவை இத்துறையை விரைந்து வளர்த்தது.

இளம்பிள்ளை வாதத்திற்குரிய சிகிச்சையில் பெரும் மாறுதலைச் செய்தவரோ, பெருநகர மருத்துவர் அல்லர்; ஆஸ்திரேலியாவின் நாட்டுப்புறத்தில் பணிபுரிந்த எலிசபெத் கென்னி என்னும் செவிலி. நோயுற்ற காலை அசையாது கட்டிவைப்பதே அக்காலத்து முறை. அவரோ வெந்நீரில் நனைத்த கம்பளித் துணியைச் சுற்றி, வலி தணிந்ததும் தசைகளுக்கு அசைவைக் கற்பித்தார். முதலில் அவரை ஏளனம் செய்தோர் பலர். 1940ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கா சென்ற பின்னர் அவர் முறை பரவலாயிற்று. சிற்றூரில் பிறந்த அறிவும் உலகிற்குப் பயன்படும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

நம் நாட்டில் 1950களின் தொடக்கத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இயன்முறை மருத்துவப் பள்ளி தோன்றியது. 1955ஆம் ஆண்டில் அதே நகரில் அனைத்திந்திய மறுவாழ்வு மருத்துவ நிலையமும் அமைந்தது. பின்னர்ச் சென்னை, திருச்சிராப்பள்ளி முதலிய நகரங்களிலும் அரசுக் கல்வி நிலையங்கள் உருவாயின. தொடக்கம் முதலே இத்துறையின் வேர் மாநகரத்தில் ஊன்றியதை இங்கு நோக்குதல் வேண்டும்.

வேலூர் காட்டிய வழி

தமிழகத்தில் மறுவாழ்வு மருத்துவ வரலாறு பேசுவோர் வேலூரை விடுத்துப் பேசுதல் இயலாது. 1900ஆம் ஆண்டில் டாக்டர் ஐடா ஸ்கடர் அங்கு ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். நோயாளிகள் தம்மிடம் வரட்டும் என அவர் காத்திருக்கவில்லை. முதலில் மாட்டு வண்டியிலும், பின்னர் மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் சாலையில் சென்று, மரத்தடியில் நின்று மருத்துவம் செய்தார். மருத்துவம் மக்களை நாடிச் செல்லலாம் என்பதை நம் மண்ணில் அன்றே காட்டியது அந்தச் சாலையோர மருத்துவம்.

அதே மருத்துவமனைக்கு 1946ஆம் ஆண்டில் வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மூலம் நிமிர்த்தலாம் என அவர் நிறுவினார். வலிமையுள்ள தசையின் நாணை இடம் மாற்றிச் செயலிழந்த விரலுடன் இணைப்பதே அம்முறை. ஆனால் அறுவை முடிந்தவுடன் கை வேலை செய்துவிடாது. இடம் மாறிய தசைக்குப் புதிய வேலையைப் பல வாரங்கள் கற்பித்தல் வேண்டும். அதனைச் செய்தது இயன்முறைப் பயிற்சியே. கத்தி திறந்த கதவின் வழியே நோயாளியை நடத்திச் சென்றது பயிற்சி எனலாம்.

இன்னொருவர் டாக்டர் மேரி வர்கீஸ். இளம் மருத்துவராயிருந்தபோது 1954ஆம் ஆண்டில் நேர்ந்த சாலை விபத்தில் அவர் தண்டுவடம் சிதைந்தது. இடுப்புக்குக் கீழ் உணர்வு அற்றது. அவர் மனந்தளரவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர் கைகளில் அறுவை செய்தார். அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்று வந்து, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966ஆம் ஆண்டில் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பெற்றது. 1972ஆம் ஆண்டில் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஊனமுற்றவர் பிறர் இரக்கத்திற்கு உரியவர் என்னும் எண்ணத்தைத் தம் வாழ்வாலேயே மாற்றிக் காட்டிய பெருமகள் அவர்.

ஆனால் வேலூர் ஒன்றே. வேலூருக்குச் சென்று வாரக்கணக்கில் தங்க இயலாத பல்லாயிரவரின் நிலை என்ன?

ஆரம்ப சுகாதார நிலையமும் விடுபட்ட இடமும்

விடுதலைக்கு முன்னரே, சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. மருத்துவ வசதி ஊரகத்தில் வேரூன்ற வேண்டும் என அது வற்புறுத்தியது. 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றபின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழலாயின. காலப்போக்கில் சமவெளியில் 30,000 மக்களுக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 மக்களுக்கு ஒன்று என அளவும் வகுக்கப்பெற்றது.

இந்நிலையங்கள் செய்த தொண்டு அளப்பரியது. பேறுகால மரணம் குறைந்தது; தடுப்பூசி குடிசை வாயில் வரை வந்தது. எனினும் அங்கிருந்த பணியாளர் பட்டியலை நோக்குங்கள்: மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பர், கிராம சுகாதார செவிலியர். இயன்முறை மருத்துவருக்கு அங்கு நாற்காலி போடப்படவில்லை. அவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரியிலுமே இருந்தார். உயிரைக் காக்கும் பணி சிற்றூருக்கு வந்தது. காத்த உயிரை நிற்கவும் நடக்கவும் வைக்கும் பணி நகரத்திலேயே தங்கிவிட்டது.

தூரத்தின் கணக்கு

1970களின் பிற்பகுதியில் தொடக்கப் பள்ளியில் என்னுடன் பயின்ற தோழன் ஒருவனுக்கு இளம்பிள்ளை வாதத்தால் இடக்கால் செயலிழந்திருந்தது. அவன் எங்கள் தெருப் பிள்ளை. கணக்கில் என்னினும் வல்லவன். அவன் அன்னையார் கூலி வேலைக்குச் செல்பவர். நகரத்து மருத்துவமனையில் கால் பார்த்து, வாரந்தோறும் மும்முறை பயிற்சிக்கு வருமாறு கூறினராம். அன்னையார் மகனை இடுப்பில் சுமந்து மூன்று வாரம் சென்றார். நான்காம் வாரம் நடவு தொடங்கியது. நடவை விட்டால் ஆண்டுக் கடனை அடைக்க வழியில்லை. பயிற்சி நின்றது. ஓராண்டில் அவன் முழங்கால் மடங்கி இறுகிவிட்டது. ஐந்தாம் வகுப்பு வரை தவழ்ந்தே வந்தான். உயர்நிலைப் பள்ளி நான்கு கிலோமீட்டர் தொலைவில் இருந்தது; அவன் அங்கு வரவில்லை. அவன் அன்னையாரைக் குறை கூற எவருக்கு உரிமை உண்டு?

பின்னாளில் நான் ஆசிரியரானபோது, மூளை முடக்குவாதமுற்ற மாணவி ஒருத்தி என் பள்ளிப் பதிவேட்டில் இருந்தாள். அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக வட்டார வள மையத்தில் இயன்முறைப் பயிற்சி அளிக்கப்பெற்றது. பயணப் படியும், உடன்வருவோர்க்குரிய படியும் உண்டு. நல்ல ஏற்பாடே. ஆனால் அம்மையம் எங்கள் ஊரிலிருந்து 11 கிலோமீட்டர். ஒரு நாள் கரும்பலகையில் நானே கணக்கிட்டுப் பார்த்தேன். போக வர 22 கிலோமீட்டர். வாரத்திற்கு மூன்று முறை எனப் பன்னிரண்டு வாரங்களுக்கு 36 பயணங்கள். ஆக 792 கிலோமீட்டர். நடக்க இயலாத ஒரு குழந்தையை நடக்க வைப்பதற்கு அவள் தாய் அவளை 792 கிலோமீட்டர் கொண்டு செல்ல வேண்டும். அத்துடன் 36 நாள் கூலியையும் இழக்க வேண்டும். இந்தக் கணக்கைச் செய்த பின்னரே, ‘ஒழுங்காக வருவதில்லை’ என்று அக்குழந்தையின் பெயருக்கு எதிரே நான் எழுதியிருந்த குறிப்பை வெட்கத்துடன் அடித்தேன்.

அல்மா ஆட்டா முதல் சாமனப்பள்ளி வரை

இக்குறை உலக அரங்கில் உணரப்பட்டது 1978ஆம் ஆண்டில். சோவியத் ஒன்றியத்தின் அல்மா ஆட்டா நகரில் கூடிய நாடுகள், ஆரம்ப சுகாதாரம் என்பது நோய் தடுத்தலும் நோய் தீர்த்தலும் மட்டுமன்று, மறுவாழ்வும் அதனுள் அடங்கும் என அறிவித்தன. மக்கள் வாழும் இடத்திற்கும் உழைக்கும் இடத்திற்கும் இயன்றவரை அருகில் அச்சேவை இருத்தல் வேண்டும் எனவும் கூறின. இதனை அடுத்து, குடும்பத்தாருக்கும் ஊராருக்கும் எளிய பயிற்சிகளைக் கற்பித்து வீட்டிலேயே சிகிச்சையைத் தொடரச் செய்யும் சமூகம் சார்ந்த மறுவாழ்வு முறையை உலக சுகாதார நிறுவனம் வளர்த்தது. 2006ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையும் ஊரகத்தைக் குறிப்பிட்டே இக்கருத்தை வலியுறுத்தியது. 2007ஆம் ஆண்டில் இந்தியா அதனை ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, குடும்ப வருவாய் வரம்புக்கு உட்பட்டு, குறிப்பாக ஊரகப் பகுதிகளில் அண்மையிலேயே இலவச மருத்துவம் கிடைக்க வகை செய்தல் வேண்டும் எனக் கூறுகின்றது. ‘அண்மை’ என்னும் சொல் சட்டத்தில் ஏறியது சிறிய செய்தி அன்று.

இதற்கிடையே நோயின் முகமும் மாறியது. 1995ஆம் ஆண்டில் தொடங்கிய தீவிர போலியோ சொட்டு மருந்து முகாம்களின் பயனாக, தமிழகத்தில் 2004ஆம் ஆண்டிற்குப் பின் இளம்பிள்ளை வாதம் இல்லை. 2014 மார்ச் 27ஆம் நாள் இந்தியா முழுவதும் அந்நோய் அற்ற பகுதியாகச் சான்று பெற்றது. என் தோழனைத் தவழச் செய்த நோய் நம் பிள்ளைகளை இனித் தீண்டாதிருக்கச் போலியோ தடுப்பு மருந்தைத் தவறாது கொடுத்தல் வேண்டும். ஆனால் முடக்கம் ஒழிந்ததா? இல்லை. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் பெருகின. அவற்றின் வழியே பக்கவாதம் வந்தது. சாரத்திலிருந்து விழும் கட்டடத் தொழிலாளி, மூட்டை தூக்கி முதுகு ஒடிந்தவர், சேற்றில் குனிந்தே முழங்கால் தேய்ந்த தாய்மார் எனத் தேவை வளர்ந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, அவர்களுள் நூற்றுக்கு 69 பேர் ஊரகத்தினர். மருத்துவர் இருந்தது நகரத்தில். நோயாளர் இருந்தது சிற்றூரில்.

2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றிற்கான மருந்துகளுடன் இயன்முறைச் சிகிச்சையும் இல்லம் தேடி வருவது இத்திட்டத்தின் ஒரு கூறு. பம்பாயில் பள்ளி தோன்றியது 1950களின் தொடக்கத்தில். குடிசையின் திண்ணைக்குச் சிகிச்சை வந்தது 2021இல். நகரத்திலிருந்து நம் வாயிலுக்கு வர இம்மருத்துவம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நடந்திருக்கின்றது. 2024ஆம் ஆண்டில் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது.

எஞ்சியுள்ள தூரம்

இத்திட்டத்தின் பயனை நானே கண்டவன். நாற்பது ஆண்டுகள் நாற்று நட்ட என் தாயாருக்கு 2022ஆம் ஆண்டில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. இயன்முறை மருத்துவர் வீட்டிற்கே வந்தார். இளம் பெண், பொறுமையே உருவானவர். ஆனால் பல ஊர்களுக்கும் அவர் ஒருவரே. ஆதலின் இரு வாரங்களுக்கு ஒரு முறையே வர இயன்றது. வாகனமோ ஊர்த் தெருவின் எல்லையில் நின்றது. நம் தெருவுக்குச் செல்லும் மண்பாதையில் மழை நீர் தேங்கியிருந்தது. அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். இடைப்பட்ட நாட்களில் யார் பயிற்சி தருவது? என் தங்கையின் மகன், பத்தாம் வகுப்பு மாணவன், ஒவ்வோர் அசைவையும் அவரிடம் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதி, காலையும் மாலையும் பாட்டிக்குச் செய்வித்தான். ஐந்தாம் மாதத்தில் என் தாயார் கோலூன்றி வாயிற்படி வரை நடந்தார். மருத்துவர் பாதி வழி வந்தார். மீதி வழியை அப்பையன் கடந்தான்.

இளைஞர்களே! 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தீர்மானம் கொண்டுவந்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் நடக்கவும், பொதுக் கிணறு, குளங்களைப் பயன்படுத்தவும், பொது அலுவலகங்களுக்குள் நுழையவும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என அத்தீர்மானம் நிலைநாட்டியது. சாலையில் நடக்கும் உரிமையை முன்னோர் பெற்றுத் தந்தனர். அச்சாலை நம் தெரு வரை நீள்கின்றதா, அச்சாலையில் நடக்கக் கால் வழங்கும் மருத்துவம் அவ்வழியே வந்து சேர்கின்றதா என்று கேட்பது அவர் வழித்தோன்றல்களாகிய நம் கடமை. 2021 மே முதல் மகளிர்க்கும், அதனைத் தொடர்ந்து மாற்றுத்திறனாளிகளுக்கும் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் கிடைத்தது பெரும் பேறு. ஆயினும் பேருந்து நிறுத்தத்திற்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட ஒரு கிலோமீட்டரை எந்தப் பயணச்சீட்டும் கடக்க வைப்பதில்லை. கட்டணம் இல்லை, கூலி இழப்போ உண்டு.

நாம் செய்யத் தக்கவை

முதலாவது, கணக்கு எடுத்தல். நம் சங்க உறுப்பினர் வாழும் ஒவ்வோர் ஊரிலும் பக்கவாதம், விபத்து, பிறவிக் குறை முதலியவற்றால் முடங்கியோர் எத்தனை பேர். அவர்கள் வீட்டிலிருந்து இயன்முறைச் சிகிச்சை கிடைக்கும் இடம் எத்தனை கிலோமீட்டர். எத்தனை பேருந்து மாறுதல் வேண்டும். சாலை எந்த இடத்தில் முடிகின்றது என ஒரு பதிவேடு எழுதுங்கள். ‘எங்களுக்கு வசதி இல்லை’ என்னும் முறையீட்டை அதிகாரிகள் கேட்டு மறந்துவிடுவர். ‘இந்தத் தெருவில் இத்தனை பேர், இத்தனை கிலோமீட்டர்’ என்னும் பட்டியலை மறத்தல் எளிதன்று. கிராம சபையில் அதனை வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே குறித்த நாட்களில் இயன்முறை மருத்துவர் இருக்க வேண்டும் எனத் தீர்மானம் இயற்றுங்கள்.

இரண்டாவது, கற்றல். வீட்டிற்கு வரும் மருத்துவர் காட்டும் பயிற்சிகளைக் குடும்பத்தில் ஒருவரேனும் முறையாகக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். தாமாக எதையும் சேர்க்காது, கற்பித்ததைக் கற்பித்தபடி நாள்தோறும் செய்வித்தல் வேண்டும். குறிப்பாகப் பக்கவாதத்தில் முதற்சில மாதங்கள் பொன்னானவை. ‘விதி’ எனச் சொல்லிப் பாயில் கிடத்திவிடுதல் ஆகாது.

மூன்றாவது, நம் பிள்ளைகள் இத்துறைக்குச் செல்லுதல். மருத்துவர், பொறியாளர் என்னும் இரு சொற்களுக்கு அப்பாலும் கல்வி உண்டு. இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பை நம் மாணவரும் மாணவியரும் நாடுதல் வேண்டும். நம் தெருவில் பிறந்தவர் அப்பட்டம் பெற்றுத் திரும்பினால், சாலை முடியும் இடத்தில் அவர் நின்றுவிட மாட்டார். அவ்வழி அவருக்குப் பழகிய வழி.

இருபத்தைந்து ஆண்டுகளாக ஏட்டையும் எழுதுகோலையும் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டச் செய்தது இச்சங்கம். வரும் ஆண்டுகளில் மருத்துவத்தையும் நம் மக்களின் கைக்கும் காலுக்கும் எட்டச் செய்யும் பணியில் அது முனைதல் வேண்டும். தவழ்ந்து வந்து கணக்குப் போட்ட என் தோழனுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அதுவே. பொன் விழா மலரில் இக்கட்டுரையைத் தொடர்ந்து எழுதப் போகும் இளைஞர், ‘அத்தூரம் தீர்ந்தது’ என எழுதுவாராக!

வளர்க நம் கல்விச் சங்கம்! வாழ்க அதன் தொண்டு!